பௌத்த தியான முகாம்: முதன்முறை போகிறவர்களின் கேள்விகள்

வீட்டில் தினமும் விளக்கேற்றி சாமி கும்பிடுகிறேன். பத்து நாள் விபாசனா முகாமுக்குப் போனால் மதம் மாற்றிவிடுவார்களா?

மாட்டார்கள். 1969-ல் பர்மாவிலிருந்து இந்தியா வந்து இந்த முகாம்களைத் தொடங்கிய ஆசிரியர் எஸ்.என். கோயங்காவே மார்வாரி இந்துக் குடும்பத்தில் பிறந்தவர். ஆனாலும் 'அங்கே மத வாசனையே கிடையாது' என்று சொல்பவர்களை முழுதாக நம்ப வேண்டாம். முகாம் தொடங்கும்போது புத்தம், தம்மம், சங்கம் என மூன்று சரணம் சொல்லி ஐந்து சீலங்களை ஏற்க வேண்டும். கொல்லாமை, திருடாமை, பொய் சொல்லாமை, பிரம்மச்சரியம், போதை தவிர்த்தல் என்பவை அவை. அதிகாலையில் பாலி மொழியில் ஓதும் ஒலிப்பதிவும் கேட்கும்.

உங்களுக்குச் சிரமம் வரப்போவது வேறு இடத்தில். விளக்கு, ஜபம், தொழுகை, ஜெபம், விரதம் எல்லாவற்றையும் முகாம் முடியும்வரை நிறுத்தி வைக்கச் சொல்வார்கள். ஜபமாலை, தாயத்து, மந்திரித்த கயிறு உள்ளே வரக்கூடாது. மந்திரம் சொன்னால் மனம் சீக்கிரம் குவியும் என்பது அவர்களுக்கும் தெரியும். ஆனால் அங்கே கற்றுத் தருவது இயல்பாக வந்து போகும் மூச்சையும் உடலின் உணர்வுகளையும் இருப்பது இருந்தபடி கவனிப்பது. மந்திரம் ஓடினால் கவனம் அதன் பின்னால் போய்விடும். சந்தியாவந்தனத்தையோ ஐந்து வேளைத் தொழுகையையோ விடவே முடியாது என்றால், விண்ணப்பிக்கும் முன்பே மையத்தில் பேசிவிடுங்கள். போய் இறங்கிய பிறகு வாதாடிப் பயனில்லை.

வயது 58. சம்மணமிட்டு அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. போகலாமா?

போகலாம். நாற்காலி தருவார்கள், முழங்கால், இடுப்புப் பிரச்சினையை விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். பலரும் 'நாற்காலியா, நமக்கா?' என்று கௌரவம் பார்த்து முதல் நாள் அர்த்த பத்மாசனம் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் மாடிப்படி ஏற முடியாமல் நிற்பார்கள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் உட்காரும் கணக்கு அது.

தரையில்தான் உட்காருவேன் என்றால் உயரத்தைச் சரிசெய்யுங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். மெத்தை தணிவாக இருந்தால் முழங்கால் அந்தரத்தில் தொங்கும், கீழ்முதுகு வளையும், பத்து நிமிடத்தில் தோளில் வலி ஏறும். இன்னொரு மெத்தையைப் பின்பக்கம் வைத்து இடுப்பை உயர்த்துங்கள். தொங்குகிற முழங்காலுக்குக் கீழே துண்டை மடித்துச் செருகுங்கள்.

நான்காம் நாள் உடல் உணர்வுகளைக் கவனிக்கும் விபாசனா முறையைச் சொல்லித் தந்த பிறகு, தினமும் மூன்று முறை ஒரு மணி நேரம் கை, காலை அசைக்காமல், கண்ணைத் திறக்காமல் இருக்க முயலச் சொல்வார்கள். 'அதிட்டானம்' என்று பெயர். பல்லைக் கடித்துக்கொண்டு மூட்டைக் கெடுத்துக்கொள்ளும் போட்டி அல்ல அது. தாங்கவில்லை என்றால் மெதுவாகக் காலை மாற்றிக்கொள்ளலாம்.

சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறேன். இரவு உணவு இல்லையாமே?

காலை 6.30-க்குச் சிற்றுண்டி, 11 மணிக்கு மதியச் சாப்பாடு. புதியவர்களுக்கு மாலை 5 மணிக்குத் தேநீரும் பழம், பொரி போன்றவையும். அவ்வளவுதான். இன்சுலினோ, சர்க்கரையைத் தடாலென இறக்கும் மாத்திரையோ எடுப்பவருக்கு இந்த இடைவெளி ஆபத்து. முதலில் மருத்துவரிடம் இந்த நேர அட்டவணையைக் காட்டி மருந்தின் அளவைப் பேசுங்கள். பிறகு மையத்துக்கு எழுதுங்கள். தாழ்சர்க்கரை வந்தால் வாயில் போட குளுக்கோஸ் கையில் இருக்கட்டும், அதையும் முன்பே சொல்லி வையுங்கள்.

மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் அதை மறைத்து வரவே கூடாது. பத்து நாள் பேச்சில்லாமல், படிப்பில்லாமல், போன் இல்லாமல் இருப்பது சிலருக்குப் பதற்றத்தையோ பழைய நோயையோ கிளறிவிடும். 'தியானம்தான் செய்கிறோமே' என்று மருந்தை நிறுத்துவதைவிடப் பெரிய தவறு இல்லை. கடுமையான மனநோய் உள்ளவர்களை மையங்களே சேர்ப்பதில்லை, அது சரியும்கூட.

என்ன எடுத்துப் போக வேண்டும்?

தளர்வான பருத்தி உடை, போர்வை, டார்ச், குடை, வாசனையில்லாத சோப்பு, கழற்றி மாட்ட எளிதான செருப்பு. சத்தம் வரும் எதுவும் வேண்டாம். நூறு பேர் மூச்சைக் கவனிக்கும் கூடத்தில் ஒரு கொலுசு போதும், பிளாஸ்டிக் பையில் மாத்திரை தேடும் ஒரு கை போதும். சரசரக்கும் நைலான் உடையும் அப்படித்தான். மல்லிகைப்பூ, சென்ட், வாசனைப் பவுடர் வீட்டிலேயே இருக்கட்டும்.

கட்டணம் இல்லை என்கிறார்களே, எப்படி?

ஏற்கெனவே முகாம் முடித்தவர்கள் தரும் நன்கொடையில் நடக்கிறது. ஒரு பத்து நாள் முகாமாவது முடிக்காதவரிடம் பணம் வாங்க மாட்டார்கள்.

பத்து நாள் விடுப்பு கிடைக்காது. வேறு வழி?

கோயங்கா மரபில் ஒரு நாள், மூன்று நாள் முகாம்கள் உண்டு. ஆனால் அவை ஏற்கெனவே பத்து நாள் முகாம் முடித்த பழைய மாணவர்களுக்கு. எனவே வேறு மரபைப் பாருங்கள். கொடைக்கானல் அருகே பெருமாள்மலையில் உள்ள போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையம் 1996-ல் தொடங்கியது. ஜென் என்பது ஜப்பானிய பௌத்த தியான மரபு. நிறுவியவர் அமா சாமி, ஜென் ஆசிரியர். அவரே ஒரு ஏசு சபைப் பாதிரியார்! ஜென் முறையில் உட்காருவதும் மெதுவாக நடப்பதும் மாறி மாறி வருவதால் முழங்காலுக்கு இதம். ஆனால் 'செஷின்' என்ற தீவிர முகாம் நாட்களில் முதன்முறை போகாதீர்கள், சாதாரண நாட்களைக் கேட்டு வாங்குங்கள்.

உட்காருவதைவிடக் கேட்டு, விவாதித்துப் புரிந்துகொள்ள ஆசை என்றால் தரம்சாலாவுக்கு மேலே தரம்கோட்டில் துஷிதா மையம் இருக்கிறது. அங்கே திபெத்திய பௌத்த அறிமுக வகுப்புகள் நடக்கும்; கட்டணம் உண்டு, குளிர்காலத்தில் மூடிவிடுவார்கள்.

நடுவில் கிளம்பிவிட முடியுமா?

கதவைப் பூட்டி வைப்பதில்லை. ஆனால் முழு நாளும் இருப்பேன் என்று சம்மதித்துத்தான் சேர்கிறீர்கள். இரண்டாம் நாளும் ஆறாம் நாளும் பெட்டியைக் கட்டத் தோன்றும் நாட்கள் என்று அங்கேயே சொல்வார்கள். மௌனம் என்பது சக மாணவர்களோடுதான். மதியம் 12 மணிக்குமேல் ஆசிரியரைத் தனியே பார்த்துப் பேசலாம். முதலில் அதைச் செய்யுங்கள்.

திரும்ப டிக்கெட் எடுப்பதிலும் பலர் ஏமாந்து போகிறார்கள். பத்தாம் நாள் காலையில் மௌனம் கலையும், ஆனால் முகாம் முடிவது பதினொன்றாம் நாள் காலை ஏழு மணி வாக்கில். சேரும் நாளையும் சேர்த்தால் மொத்தம் பன்னிரண்டு நாள் விடுப்பு வேண்டும்.