துணிக்கடை ஸ்பானிஷ்: கேள்வி பதில்

மாட்ரிட்டில் ஒரு துணிக்கடையில் ஆறு வருடம் விற்பனைப் பகுதியில் இருந்தேன். இப்போது ஸ்பெயினுக்குக் கிளம்பும் நம் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக் கொடுக்கிறேன். துணி வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். அவற்றில் வரும் 'த' நம் 'பாதம்', 'பத்து' இரண்டிலும் உள்ள அதே த. 'ட' என்று சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: அக்கா, செப்டம்பரில் மாட்ரிட்டுக்குப் படிக்கப் போகிறேன். துணிகளின் பெயர் எண்பது மனப்பாடம் ஆகிவிட்டது. கடையில் பேச இது போதுமா?

பதில்: இருபது பெயர் போதும்மா. கமீஸா சட்டை, கமிஸேத்தா டி-ஷர்ட், பாந்தலோன் பேன்ட், ஃபால்தா பாவாடை, பெஸ்தீதோ கவுன், அப்ரீகோ குளிருக்குப் போடும் நீளக் கோட்டு. இந்த அளவில் தொடங்குங்கள். சட்டை கண் முன்னால் தொங்குகிறது, கையில் எடுத்துக் காட்டினால் பெயரே தேவையில்லை. வாய் திறக்க வேண்டிய இடங்கள் வேறு.

கடைக்குள் நுழைந்ததும் 'ஹோலா' அல்லது 'புவேனோஸ் தியாஸ்' சொல்லுங்கள். சிறிய கடைகளில் இது ரொம்ப முக்கியம். பேசாமல் உள்ளே போய்த் துணியைப் புரட்டினால் மரியாதைக் குறைவாக நினைப்பார்கள். 'என்ன வேண்டும்' என்று யாராவது வந்தால், 'எஸ்தோய் மிராந்தோ, க்ராஸியாஸ்'. சும்மா பார்க்கிறேன், நன்றி என்று அர்த்தம். அடுத்த அளவு வேண்டுமென்றால் 'தியேனெ உனா தாயா மாஸ் க்ராந்தெ?' போட்டுப் பார்க்க 'மெ லோ புவேதோ ப்ரொபார்?' டிரையல் ரூமுக்குப் பெயர் ப்ரொபதோர். பிடித்துவிட்டால் 'மெ லோ யேவோ', எடுத்துக்கொள்கிறேன்.

இந்த 'லோ' மட்டும் துணிக்குத் தகுந்தபடி மாறும். பெஸ்தீதோவுக்கு லோ, கமீஸாவுக்கு லா, சப்பாத்தோஸ் (காலணிகள்) மாதிரிப் பன்மை வந்தால் லோஸ். முதல் மாதம் இதில் தப்பு வந்தால் கவலைப்படாதீர்கள், கடைக்காரருக்குப் புரியும்.

கேள்வி: 'மெ கேதா பியென்', 'மெ குஸ்தா' இரண்டும் ஆப்பில் வருகின்றன. ஆங்கில 'ஐ லைக்' மாதிரி இல்லாமல் தலைகீழாக இருக்கிறது. எப்படி நினைவில் வைப்பது?

பதில்: நான் அதிகம் பேச விரும்புவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான். ஆங்கிலத்தை நடுவில் வைத்துப் படிப்பதால்தான் தலைகீழாகத் தெரிகிறது. அதை எடுத்துவிட்டுத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: 'எனக்கு இந்தச் சட்டை பிடித்திருக்கிறது.' இதில் எழுவாய் நீங்களா, சட்டையா? சட்டைதான். நீங்கள் 'எனக்கு' என்று நாலாம் வேற்றுமையில் நிற்கிறீர்கள். ஸ்பானிஷிலும் அப்படியே. மெ என்றால் எனக்கு, குஸ்தா என்றால் பிடிக்கிறது, எஸ்தா கமீஸா இந்தச் சட்டை. பன்மைக்கும் இதே கதைதான். எழுத்துத் தமிழில் 'பிடித்திருக்கின்றன' என்று வினை மாறுகிற இடத்தில் அங்கே குஸ்தா என்பது 'குஸ்தான்' ஆகும். வகுப்பில் இதை முதல் நாளே சொல்லிவிட்டால், பிள்ளைகள் ஒரு வாரம் குழம்புவது மிச்சம்.

கேதாவும் இப்படித்தான். 'மெ கேதா பியென்' என்றால் எனக்கு இது சரியாக இருக்கிறது. 'எனக்கு இது பெரிதாக இருக்கிறது', மெ கேதா க்ராந்தெ. சின்னதாக இருந்தால் பெகேஞோ. நம் 'ஞ' அங்கே அப்படியே ஒலிக்கும். இறுக்கம் எஸ்த்ரேச்சோ, லூஸ் ஆன்ச்சோ, குட்டை கோர்த்தோ, நீளம் லார்கோ.

லார்கோவில் ஜாக்கிரதை. ஆங்கில லார்ஜ் காதில் ஒட்டிக்கொண்டிருப்பதால், பெரிது என்று நினைத்துச் சொல்லிவிடுவார்கள். எங்கள் கடையில் ஒரு மாணவர் பேன்ட் போட்டுப் பார்த்துவிட்டு, நழுவாமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வெளியே வந்து 'மெ கேதா லார்கோ' என்றார். என்னுடன் வேலை பார்த்தவள் உடனே தரையில் மண்டியிட்டாள். நாலு குண்டூசியை உதட்டில் கவ்விக்கொண்டு, கால் விளிம்பை மடித்துக் குத்த ஆரம்பித்துவிட்டாள். அவர் இடுப்பைக் காட்டுகிறார், அவள் நிமிரவே இல்லை. நான் போய் 'க்ராந்தெ' என்று ஒரு சொல் சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தாள்.

கேள்வி: அக்கா, நான் யாழ்ப்பாணம். ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கி இரண்டு கிழமை. 'சப்பாத்தோ' எண்டால் எங்கட சப்பாத்துத்தானே? தற்செயலோ?

பதில்: தற்செயல் இல்லை, உறவுதான். நீங்கள் சொல்லும் சப்பாத்து போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்த 'சப்பாத்து'. ஸ்பானிஷும் போர்ச்சுக்கீசியமும் லத்தீன் வழி வந்த அக்கா தங்கை. மேசைக்கு மேஸா, அலமாரிக்கு அர்மாரியோ என்பதும் இதே வழியில் உங்களுக்குச் சுலபமாக வரும். ஸ்பெயினில் பெரும்பாலான இடங்களில் சப்பாத்தோவின் முதல் எழுத்தை நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்வார்கள். லத்தீன் அமெரிக்காவில் வெறும் 'ஸ'.

ஒரு விஷயம்: உடுப்புக்கு அளவு 'தாயா', சப்பாத்துக்கு 'நூமெரோ'. கடையில் 'கே நூமெரோ கால்ஸா?' என்று கேட்பார்கள். நம் ஊரில் 8 போடுகிற ஆணுக்கு அங்கே ஏறக்குறைய 42.

கேள்வி: எஸ், எம், எல் எல்லாம் அங்கேயும் உண்டா?

பதில்: உண்டு, ஆனால் எழுத்தை ஸ்பானிஷில் படிப்பார்கள்: எஸே, எமே, ஏலே. எக்ஸ்எல் என்பது 'எக்கிஸ் ஏலே'. இது தெரியாவிட்டால் வேறு எதையோ சொல்கிறார்கள் என்று தோன்றும்.

கேள்வி: வணக்கம்மா. எனக்கு 62 வயது. ஜனவரியில் மகளைப் பார்க்க பார்சிலோனா போகிறேன். விலை கேட்டுப் புரிந்துகொள்ளும் அளவு சொல்லிக் கொடுங்கள்.

பதில்: நல்ல நேரத்தில் போகிறீர்கள் ஐயா. ஜனவரி 6 அங்கே மூன்று அரசர் திருநாள், பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாள். அது முடிந்ததும் 7ஆம் தேதி வாக்கில் 'ரெபாஹாஸ்' தொடங்கும், நம் ஆடித் தள்ளுபடி மாதிரி. கோடையில் ஜூலையில் இன்னொரு முறை வரும். 2012க்குப் பிறகு கடைகள் எப்போது வேண்டுமானாலும் தள்ளுபடி போடலாம் என்று சட்டம் மாறியது. இருந்தாலும் ஜனங்கள் ஜனவரிக்காகத்தான் காத்திருப்பார்கள்.

'குவாந்தோ குவேஸ்தா?' என்றால் எவ்வளவு. பதிலில் காதைத் தீட்ட வேண்டிய இடம் ஒன்று: செஸேந்தா 60, செத்தேந்தா 70. நடுவில் ஸ வந்ததா, த்த வந்ததா என்று கேளுங்கள். சந்தேகம் இருந்தால் கைப்பேசியில் எண்ணைத் தட்டிக் காட்டுங்கள், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். விலைச்சீட்டில் 19,99 என்று புள்ளிக்குப் பதில் காற்புள்ளி இருக்கும். அது பத்தொன்பது யூரோ 99 சென்ட். பணம் கட்டும்போது 'தர்ஹேத்தா' என்றால் கார்டு, 'எஃபெக்தீவோ' ரொக்கம்.

கேள்வி: கேட்கக் கூச்சமாக இருக்கிறது அக்கா. உள்ளாடை வாங்க என்ன சொல்ல வேண்டும்?

பதில்: கூச்சமே வேண்டாம்மா. போன முதல் மாதமே தேவைப்படும் சொற்கள் இவை, பாடப்புத்தகத்தில் வராமல் போவதுதான் எனக்கு வருத்தம். பொதுவாக 'ரோபா இந்தெரியோர்'. பிரா 'சுஹெத்தாதோர்', பேன்டீஸ் 'ப்ராகாஸ்', ஆண்களுக்கு 'கால்ஸொன்ஸீயோஸ்'. பிரா அளவு அங்கே வேறு எண்: நம் 32க்கு 85, 34க்கு 90, 36க்கு 95. கப் எழுத்தைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'மேதியாஸ்' என்பது ஸ்பெயினில் பெண்கள் போடும் மெல்லிய நீளக் காலுறை. சாதாரண சாக்ஸ் 'கால்ஸெத்தீனெஸ்'.

கேள்வி: எனக்கு வேலை மெக்ஸிகோவில். இதே சொற்கள் போதுமா?

பதில்: முக்கால்வாசி போதும். டி-ஷர்ட்டை அங்கே 'ப்ளாயேரா' என்பார்கள், அர்ஜென்டினாவில் 'ரெமேரா'. ஜாக்கெட் மெக்ஸிகோவில் 'சமார்ரா', அர்ஜென்டினாவில் 'கம்பேரா'. ஸ்பெயினில் 'எடு' என்பதற்கு நாள் முழுக்கச் சொல்லும் 'கொஹேர்' அந்த இரண்டு நாட்டிலும் கெட்ட வார்த்தை. 'மெ லோ யேவோ' என்றே பழகிவிட்டால் எங்கேயும் வம்பில்லை.

கேள்வி: பார்சிலோனாவில் ஒரு சட்டை வாங்கினேன், வீட்டில் போட்டுப் பார்த்தால் இறுக்கம். திருப்பித் தரப் போனால் கடையில் 'பாலெ' என்றார்கள். சரி என்கிறார்கள் என்று தலையாட்டினேன். பணம் வரவில்லை, ஒரு சீட்டுதான் வந்தது.

பதில்: 'பாலெ' என்றால் சரி. 'உன் பாலெ' என்றால் அந்தக் கடையிலேயே செலவழிக்க வேண்டிய கூப்பன். அந்த 'உன்' உங்கள் காதில் விழவில்லை. குறையில்லாத துணியைக் கடையில் நேரில் வாங்கினால், திருப்பி எடுக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. அந்தந்தக் கடையின் விதிதான். இணையத்தில் வாங்கியதற்கு 14 நாள் அவகாசம் உண்டு. தையல் பிரிவது, ஜிப் வேலை செய்யாதது போன்ற உற்பத்திக் குறைகள் வேறு கணக்கு. அவற்றுக்கு 2022 முதல் 3 வருடச் சட்ட உத்தரவாதம் இருக்கிறது.

அடுத்த முறை வாங்கும் முன்பே 'சே புவேதெ தெபொல்பேர்?' என்று கேளுங்கள், திருப்பித் தரலாமா என்று. மாற்றிக்கொள்வது 'கம்பியார்'. பில்லை, அதாவது 'திக்கெத்'தை, தூக்கிப் போடாதீர்கள்.

கேள்வி: எந்தத் துணி ஆண்பால், எந்தத் துணி பெண்பால் என்று மனதில் நிற்கவே மாட்டேன் என்கிறது. பட்டியல் போட்டுப் படிக்கட்டுமா?

பதில்: பட்டியல் வேண்டாம். காய்ந்த துணியை மடிக்கும்போது ஒவ்வொன்றையும் நிறத்தோடு வாய்விட்டுச் சொல்லுங்கள். லா கமீஸா ப்ளாங்கா, வெள்ளைச் சட்டை. எல் பெஸ்தீதோ ப்ளாங்கோ, வெள்ளை கவுன். நிறத்தின் கடைசி ஓசை துணியோடு சேர்ந்தே நாக்கில் ஏறிவிடும். அஸூல், பெர்தெ, க்ரிஸ் (நீலம், பச்சை, சாம்பல்) மூன்றும் பாலுக்கு மாறாது, பன்மைக்கு மட்டும் மாறும். அதனால் முதல் வாரம் உங்கள் வீட்டு வெள்ளைத் துணிகளில் இருந்தே தொடங்குங்கள்.