ஊழியப் பயிற்சிக்குப் பிள்ளையை அனுப்பும் முன்: வாசகர் கேள்விகள்

பள்ளி, கல்லூரித் தேர்வு முடிவுகள் வந்த கையோடு கிறிஸ்தவ ஊழியப் பயிற்சி மையங்களைப் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிட்டன. ஜூன் மாதம் சேர்க்கை என்பதால் எல்லாருக்கும் அவசரம். உள்ளே இருப்பவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

*என் மகளுக்கு 19 வயது. ஓராண்டு சீஷத்துவப் பயிற்சியில் (இயேசுவின் சீடராக வாழப் பழகும் பயிற்சி) சேர வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். தடுக்க மனமில்லை, பயமாகவும் இருக்கிறது. எதைப் பார்த்துச் சேர்ப்பது? — ஒரு தகப்பனார், குடியாத்தம்*

ஐயா, மகளோடு அங்கே போய் ஒரு முழு நாள் இருந்துவிட்டு வாருங்கள். ஆண்டு விழா, அர்ப்பணிப்பு ஆராதனை நாளில் போக வேண்டாம். அன்றைக்கு எல்லா இடமும் அழகாகத்தான் இருக்கும். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை போங்கள். சமையலறை, கழிப்பறை, பெண்கள் தங்கும் அறைக் கதவின் உள்தாழ்ப்பாள், இந்த மூன்றையும் உங்கள் கண்ணால் பாருங்கள். பிள்ளைகளின் பந்தியில் நடத்துகிறவர்களும் உட்கார்ந்து அதே சாப்பாட்டைச் சாப்பிடுகிறார்களா என்று கவனியுங்கள். ஓர் இடத்தைப் பற்றி இது சொல்வதை எந்தக் கையேடும் சொல்லாது.

அடுத்தது காகிதம். பெண்கள் விடுதிக்கு 2014-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். அதன் நகலைக் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால், பாலியல் தொல்லை புகார்களை விசாரிக்க உள் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். குழுவில் யார் யார், எந்த எண்ணில் கூப்பிடுவது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்க வேண்டும். 'இங்கே எல்லாரும் ஒரே குடும்பம், அதெல்லாம் எதற்கு' என்று பதில் வந்தால் மகளைச் சேர்க்காதீர்கள். குடும்பம் போல வாழ்கிற இடத்தில்தான் வாய் திறந்து புகார் சொல்வது கடினம். அதனால்தான் எழுதிய ஏற்பாடு தேவைப்படுகிறது.

மதிப்பெண் சான்றிதழ், டி.சி. இவற்றின் அசலை யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பித் தரச் சொல்லுங்கள், நகல் போதும். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்குங்கள். நடுவில் நின்றுவிட்டால் பணம் எவ்வளவு திரும்பும் என்பதைச் சேரும்போதே எழுதி வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து காணிக்கை வருகிறது, உங்கள் மகளின் வங்கிக் கணக்கு எண்ணைக் கொடுங்கள் என்று யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற நிறுவனம் வெளிநாட்டு நன்கொடையைப் புதுடெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் வாங்க வேண்டும். மாணவியின் கணக்கு அதற்கு வழி அல்ல.

எடுத்துப் போக வேண்டியவை கொஞ்சம்தான். பூட்டோடு ஒரு பெட்டி, தட்டு, டம்ளர், வாளி, கொசுவலை, டார்ச், பருத்தி உடுப்பு நாலு செட். மே, ஜூனில் வேலூர் வெயிலுக்குப் பாலியஸ்டர் ஒத்துவராது. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் மருத்துவர் சீட்டோடு இரண்டு மாதத்துக்கு.

*பயிற்சி முடித்தால் போதகர் ஆகலாமா? சான்றிதழுக்கு மதிப்பு உண்டா? — கல்லூரி மாணவர், ராணிப்பேட்டை*

தம்பி, ஓராண்டுப் பயிற்சிச் சான்றிதழ் பட்டம் ஆகாது. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் குருத்துவத்துக்கு, அதாவது போதகர் பதவிக்கு, பொதுவாகக் கேட்பது செராம்பூர் செனட்டின் இறையியல் பட்டமான பி.டி.எச். அல்லது பி.டி. 1818-இல் தொடங்கிய செராம்பூர் கல்லூரிக்கு 1827-இல் டென்மார்க் அரசர் கொடுத்த சாசனத்திலிருந்து வருகிற பட்டம் அது. தமிழ்நாட்டில் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியும் சென்னை குருகுலம் இறையியல் கல்லூரியும் இந்தப் பட்டத்துக்குப் படிக்கும் இடங்கள். அங்கே போக உங்கள் சபை ஐயரின் (போதகரின்) சிபாரிசும் பேராயத்தின் (மறைமாவட்டத்தின்) தேர்வும் வேண்டும். எனவே கையில் இருக்கும் டிகிரியை முதலில் முடியுங்கள். ஓராண்டுப் பயிற்சி அதற்குப் பின்னால் காத்திருக்கும், ஓடிப்போகாது. அந்த ஒரு வருஷம் உங்களுக்குத் தரக்கூடியது வேறு: அதிகாலையில் எழுந்து தனியாக ஜெபிக்கிற பழக்கம், பத்துப் பேரோடு ஒரே அறையில் கசப்பில்லாமல் இருக்கிற பழக்கம்.

*எங்கள் மையத்தில் வாரம் ஒரு நாள் களி. என் முறை வரும்போதெல்லாம் கட்டி தட்டிப் போகிறது. 50 பேர் சாப்பிட வேண்டும். எல்லாரும் முகம் சுளிக்கிறார்கள். — பயிற்சி மாணவி, ஆலங்காயம்*

தங்கச்சி, 50 பேருக்குக் கேழ்வரகு மாவு 5 கிலோ, நொய் 1 கிலோ. இதை ஒரே குண்டானில் போட்டதுதான் முதல் தவறு. இரண்டரைக் கிலோவுக்கு மேல் ஒரு பாத்திரத்தில் மாவு விழுந்தால் எந்தக் கையாலும் கிண்டி ஏற்ற முடியாது. இரண்டாகப் பிரித்துக்கொள்.

தண்ணீரைப் படியில் அள. மாவு ஒரு படிக்குத் தண்ணீர் இரண்டு படி, நொய்க்குத் தனியாக அதைப் போல மூன்று மடங்கு. நொய்யை அரைமணி ஊறவைத்து, உப்புப் போட்டு, கையில் எடுத்து நசுக்கினால் மசிகிற வரைக்கும் வேகவிடு. மாவு போடுவதற்கு முன்னால் கொதிக்கிற கஞ்சியில் இரண்டு சொம்பு தனியாக எடுத்து வைத்துக்கொள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிறகு மாவை நடுவில் குவியலாகக் கொட்டு. கிண்டாதே. இங்கேதான் கட்டி தட்டுகிறது: மாவு வேகும் முன்னே கிண்டினால், வெளிப்பக்கம் வெந்து உள்ளே பச்சை மாவு உருண்டையாக மாட்டிக்கொள்ளும். துடுப்பின் காம்பால் குவியலின் நடுவில் அடிவரைக்கும் ஒரு குழி விடு, அதன் வழியாகக் கஞ்சி பொங்கி மேலே வரும். தீயைக் குறைத்து மூடி, பத்து நிமிஷம் விடு. பெரிய பாத்திரமானால் பதினைந்து.

மாவின் நிறம் மேலேயும் கருத்து வந்தபின் இறக்கி, பாத்திரத்தைக் கவட்டைக் கட்டையால் ஒருத்தி அழுத்திப் பிடிக்க, இன்னொருத்தி துடுப்பால் ஓரத்திலிருந்து நடுவுக்கு அழுத்தி அழுத்திக் கிண்டட்டும். இறுகினால் எடுத்து வைத்த கொதிகஞ்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. பச்சைத் தண்ணீர் விட்டால் மறுபடியும் கட்டிதான். விரலை நனைத்துத் தொட்டுப் பார், ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. இன்னும் ஐந்து நிமிஷம் சிறு தீயில் புழுங்கவிட்டு, நனைத்த கிண்ணத்தில் உருட்டிப் போடு. முள்ளுக் கத்தரிக்காய் புளிக்குழம்பு வைத்தால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இந்த வேலை ஒருத்தியால் ஆகாது. முறைப் பட்டியலில் களி நாளுக்கு இரண்டு பேரைப் போடச் சொல்லிப் பொறுப்பாளர் அக்காவிடம் கேள். அது உன் உரிமை.

*ஆறு பேர் குழுவாகக் கிராமங்களுக்குப் போகிறோம். பல வீடுகளில் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. எங்கே தவறு? — பணித்தளப் பொறுப்பாளர், பேரணாம்பட்டு*

ஆறு பேர் ஒரே வாசலில் நின்றதே தவறாக இருக்கலாம். ஆறு பேரைப் பார்த்தால் ஏதோ வசூலுக்கு வந்தவர்கள் என்றுதான் தோன்றும். இரண்டிரண்டு பேராகப் பிரியுங்கள். பெண்கள் இருக்கும் வீட்டுக்குப் பெண்கள் போகட்டும். ஆண் துணை இல்லாமல் ஒரு பெண் தனியாக இருக்கும் வீட்டுக்குள் ஆண்கள் நுழையவே வேண்டாம், திண்ணையோடு நின்றுவிடுங்கள்.

நேரம் அடுத்தது. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பகலெல்லாம் பெண்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார்கள். ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. வெட்டிய இலை, தூள், நூல் எல்லாம் அந்த முறத்தில்தான். நீங்கள் பேசுகிற அரைமணி நேரத்தில் அவர் கை நின்றால் அவருடைய கூலி குறைகிறது. 'கொஞ்சம் அதை ஓரமாக வையுங்கம்மா, ஜெபிக்கலாம்' என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் தரையில் உட்காருங்கள், அவர் சுற்றிக்கொண்டே பேசட்டும். எழுந்து நின்று ஜெபிப்பது மாலையில், அவர் கணக்குக் கொடுத்துவிட்டு வந்த பிறகு.

மொழியையும் பாருங்கள். இந்த எல்லைப்பக்கத்தில் வீட்டுக்குள்ளே தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. பேரணாம்பட்டிலும் ஆம்பூர், வாணியம்பாடியிலும் உருது. குழுவில் தெலுங்கு தெரிந்த ஒருவராவது இருக்கட்டும். பைபிள் தமிழில் 'பாவநிவாரண பலி' என்று தொடங்கினால் தமிழ் பேசும் வீட்டிலேயே புரியாது.

நாள் பார்த்தும் போங்கள். வைகாசி முதல் தேதி குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. ஊரே தெருவில் நிற்கும். அன்று கைப்பிரதியோடு (துண்டுப் பிரசுரத்தோடு) போவது அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் நம் வீட்டுப் பத்திரிகை கொடுப்பது போல. பௌர்ணமிக்கு வேலூர்–திருவண்ணாமலைப் பேருந்தில் இடம் கிடைக்காது, அந்தப் பக்கம் பணி இருந்தால் தேதியை மாற்றுங்கள்.

வாசலில் கைப்பிரதியைப் போட்டுவிட்டு நகர வேண்டாம். மறுநாள் குப்பையில் கிடக்கும், அதைப் பார்க்கிற ஊர்க்காரருக்கும் வருத்தம், உங்களுக்கும் வருத்தம். கேட்டவருக்குக் கையில் கொடுங்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துக் கூட்டம் சேர்ப்பதை அடியோடு விடுங்கள். பெற்றோரிடம் சொல்லாமல் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதோ, படம் எடுத்துக் காணிக்கைக் கடிதத்தில் போடுவதோ கூடாது. விசுவாசமாய் ஊழியம் செய்கிறவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். அந்தப் படம் அந்தக் குடும்பத்துக்கு ஊரில் என்ன செய்யும் என்று யாரும் யோசிப்பதில்லை. போகிற ஊரில் ஏற்கெனவே சபை இருந்தால், அந்த ஐயருக்கு முதல் நாளே போன் செய்துவிடுங்கள்.

*தெருக்கூட்டத்துக்கு மைக் வைக்கலாமா? — வாலிபர் சங்கம், காட்பாடி*

காவல்துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்கி வைக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இருபது பேர் கூடும் தெருவுக்கு ஆர்மோனியமும் ஒரு தபேலாவும் போதும். மைக் இல்லாத கூட்டத்தில் மக்கள் பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

*ஜெபிக்கப் போன வீட்டில், 'இனி மாத்திரை வேண்டாமா?' என்று கேட்டார்கள். என்ன சொல்ல வேண்டும்? — முதலாண்டு மாணவர், ஒடுகத்தூர்*

'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று சொல்லுங்கள். கேட்காத வீட்டிலும் சொல்லிவிட்டு வாருங்கள். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்று உடம்பு தேறிவிடும், கிருமி முழுதாகச் சாகாது. அப்போது நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத காசநோயாகத் திரும்பலாம். வீட்டில் இருக்கும் குழந்தைக்கும் அதுவே தொற்றலாம். வலிப்பு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு அடுத்தடுத்து வந்து உயிரே போகலாம். குணமானது உண்மை என்றால் மருத்துவர் பரிசோதித்து அவரே நிறுத்தட்டும்.

இன்னொன்றையும் கற்றுக்கொள்ளுங்கள். தோலில் வெளிறிய அல்லது சிவந்த படை, அதில் தொட்டாலும் குத்தினாலும் உணர்ச்சி இல்லை என்றால், தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூட்டு மருந்து இலவசம்; நோயின் வகையைப் பொறுத்து ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம். சீக்கிரம் தொடங்கினால் கை விரல் மடங்காது. 1955 முதல் கரிகிரியில் இதற்கென்றே மருத்துவமனை இருக்கும் மாவட்டம் நம்முடையது. குடியாத்தம் சாலையில் மரத்தடிக்கு மரத்தடி வண்டியை நிறுத்தி மருத்துவம் பார்த்த, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் ஊரில் நின்றுகொண்டு மருந்துக்கு எதிராகப் பேசுவது நமக்கு அடுக்காது.

*பயிற்சி மையத்தில் இப்படி எல்லாரும் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வாழ்வதெல்லாம் வெளிநாட்டு வழக்கம் என்கிறார் என் மாமா. உண்மையா? — வாசகி, ஆற்காடு*

உங்கள் மாமாவைத் திருப்பத்தூருக்கு ஒருமுறை கூட்டிப் போங்கள். 1921-இல், அது வட ஆற்காடு மாவட்டமாக இருந்தபோது, அங்கே கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கியது. தொடங்கியவர்கள் இரண்டு மருத்துவர்கள்: தமிழரான சவரிராயன் ஜேசுதாசன், ஸ்காட்லாந்துக்காரரான ஃபாரஸ்டர் பேட்டன். மணம் செய்துகொள்ளாமல், கதர் உடுத்தி, எளிய உணவோடு மருத்துவம் பார்த்தார்கள். ஆசிரமத்தில் அவர்களைக் கூப்பிட்டது பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான். தமிழர் பெரியண்ணன், வெள்ளைக்காரர் சின்னண்ணன். ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில் அந்த வரிசைக்கு என்ன அர்த்தம் என்று மாமாவுக்கே புரியும். அங்குள்ள ஜெபாலயம் திராவிடக் கோயில் பாணியில் எழுந்தது.

*மகன் சேர்ந்த மையத்தில் போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். ஞாயிறு ஒரு மணி நேரம் மட்டும் தருகிறார்கள். சரியா? — ஒரு தாய், அணைக்கட்டு*

சேரும்போதே சொல்லி, உங்கள் மகனும் ஒப்புக்கொண்டிருந்தால் சரி. அமைதி நேரத்துக்கு அது உதவும். ஆனால் அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண் உங்களிடம் இருக்க வேண்டும், இரவிலும் யாராவது எடுக்க வேண்டும். அவன் வீட்டுக்குப் பேசும்போது பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. இந்த வாரமே இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை அந்த எண்ணுக்கு அடித்துப் பாருங்கள் அம்மா.