வேலை, வீடு, தொண்ணூறு நிமிட ஆட்டம்: இந்த வாரக் கேள்வி பதில்

இந்த வாரம் பதில் சொல்வது என் முறை. வார நாட்களில் அலுவலக வேலை, வார இறுதியில் சிறுவர் ஆட்டங்களுக்கு நடுவர், வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஆட்ட விதிகள், வேலையோடும் வீட்டோடும் கால்பந்து பார்ப்பது, இந்த இரண்டும்தான் எனக்குத் தெரிந்த விஷயம். வீரர் விலை, அடுத்த பயிற்சியாளர் யார் என்பதெல்லாம் வேறு யாரிடமாவது கேளுங்கள்.

நள்ளிரவு ரசிகன்: என் அணியின் ஆட்டங்கள் எல்லாம் நடு இரவில்தான் வருகின்றன. காலை எட்டு மணிக்கு வேலை. எப்படிச் சமாளிப்பது?

எல்லா ஆட்டத்தையும் நேரலையில் பார்க்க முயலாதீர்கள், உடம்பு தாங்காது. அணியின் அட்டவணை முன்கூட்டியே வந்துவிடும். அதில் விழித்திருந்து பார்த்தே ஆக வேண்டிய ஆட்டம் எது என்று முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் விடுப்போ தாமதமான வேலை நேரமோ முடிந்தால் இப்போதே கேட்டு வாங்குங்கள், அன்று காலையில் போன் செய்து கேட்காதீர்கள். மற்ற ஆட்டங்களை மறுநாள் மறுஒளிபரப்பில் ஸ்கோர் தெரியாமல் முழுசாகப் பாருங்கள்.

ஸ்கோர் தெரியாமல் இருப்பதுதான் இதில் பெரிய வேலை. போனில் ஸ்கோர் செயலியின் அறிவிப்பை இரவே அணைத்துவிடுங்கள், நண்பர் குழுக்களையும் ஓசை இல்லாமல் வைத்துவிடுங்கள். வீடியோவைத் திறக்கும்போது முகப்புப் படத்தைப் பார்க்காதீர்கள், அதில் யாராவது கோப்பையோடு நிற்பார். பலர் கவனிக்காத இன்னொன்று வீடியோவின் நீளம். நாக் அவுட் ஆட்டத்தில் (தோற்ற அணி போட்டியிலிருந்தே வெளியேறும் ஆட்டம்) இரண்டாம் பாதி முடியும் தறுவாயில் கீழே உள்ள கோட்டில் இன்னும் முக்கால் மணி நேரம் மீதி இருந்தால், அடுத்து எக்ஸ்ட்ரா டைம், அதாவது சமமானதால் இன்னும் 30 நிமிடம், என்று தெரிந்துவிடும், அதற்கப்புறம் கடைசி நிமிட கோலுக்கு மனம் துடிக்காது. நான் அந்தக் கோட்டின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டுத்தான் உட்காருவேன்.

ஆட்டம் பார்க்கும்போது போன் வேறு அறையில் இருக்கட்டும். இதை இன்னும் பல முறை சொல்வேன்.

புதிதாய் வந்தவள்: என் கணவரோடு உட்கார்ந்து பார்க்கிறேன். ஆஃப்சைடு மட்டும் புரியவே இல்லை. அவர் விளக்கினால் இன்னும் குழம்புகிறது.

சக வீரர் பந்தை உதைக்கிற அந்த நொடியில், உங்கள் வீரர் எதிரணியின் பாதியில் இருக்கிறார், பந்தையும் தாண்டி நிற்கிறார், எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி நிற்கிறார் என்றால் அவர் ஆஃப்சைடு நிலையில் இருக்கிறார். கோல்கீப்பர் பெரும்பாலும் கடைசி ஆளாக நிற்பார், அதனால் நடைமுறையில் கடைசி டிஃபெண்டரை, அதாவது கோலைக் காக்கும் தற்காப்பு வீரரை, பார்த்தால் போதும். சம கோட்டில் நின்றால் தவறில்லை. கை முழுவதும் கணக்கில் வராது, தலை, உடல், கால் மட்டும்தான்.

முக்கியமாக, அந்த நிலையில் நிற்பதே குற்றம் இல்லை. பந்தைத் தொட்டாலோ, எதிராளியின் பார்வையை மறைத்தாலோ, வேறு விதமாக ஆட்டத்தில் குறுக்கிட்டாலோதான் துணை நடுவரின் கொடி உயரும். த்ரோ இன் (பக்கக் கோட்டிலிருந்து கையால் எறிவது), கோல் கிக் (கோல் முன்னிருந்து உதைப்பது), கார்னர் (மைதான மூலையிலிருந்து உதைப்பது) இந்த மூன்றிலிருந்தும் நேராகப் பந்து வந்தால் ஆஃப்சைடே கிடையாது. 1925 வரை கோலுக்கும் வீரருக்கும் நடுவே எதிரணியில் மூன்று பேர் இருக்க வேண்டும் என்று விதி இருந்தது, அதை இரண்டாகக் குறைத்த பிறகு கோல்கள் கூடின. அடுத்த ஆட்டத்தில் பந்தைப் பார்க்காமல் கடைசி டிஃபெண்டரை மட்டும் பத்து நிமிடம் பாருங்கள். கணவர் விளக்க வேண்டிய தேவையே இருக்காது.

வேலைப்பளு: எனக்கு ஒரு சிறு குழந்தை, அப்புறம் வேலை. பத்து நிமிட ஹைலைட்ஸ் போதாதா? முழு ஆட்டத்திலும் பாதி நேரம் பந்தைப் பின்னால்தானே தள்ளுகிறார்கள்?

குழந்தை கையில் இருக்கும் மாதங்களில் ஹைலைட்ஸ் பாருங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் போதுமா என்று கேட்டால், போதாது. அர்ஜென்டினாவும் பிரான்ஸும் மோதிய 2022 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹைலைட்ஸில் அர்ஜென்டினாவுக்கு மெஸ்ஸியின் பெனால்டி, டி மரியாவின் கோல், 80, 81ஆம் நிமிடங்களில் பிரான்ஸுக்கு எம்பாப்பேயின் இரண்டு கோல், பிறகு எக்ஸ்ட்ரா டைம், 3-3, பெனால்டி ஷூட் அவுட்டில் அர்ஜென்டினா 4-2. ஏதோ மந்திரம் போலத் தெரியும். முழு ஆட்டத்தைப் பார்த்தவருக்கு அது மந்திரம் இல்லை. முதல் பாதியில் பிரான்ஸ் கோலை நோக்கி ஒரு முறைகூட அடிக்கவில்லை. இடைவேளைகூட வராமல் 41ஆம் நிமிடத்திலேயே பிரான்ஸ் பயிற்சியாளர் தெஷாம் இரண்டு பேரை வெளியே எடுத்துவிட்டு துராமையும் கோலோ முவானியையும் இறக்கினார், பிறகு கோமானையும் இறக்கினார். எம்பாப்பேயின் முதல் கோலான பெனால்டியை வாங்கித் தந்தவர் கோலோ முவானி. இரண்டாவது கோலுக்கு முன் மெஸ்ஸியிடமிருந்து பந்தைப் பறித்தவர் கோமான், எம்பாப்பேக்குப் பந்தைத் தூக்கித் தந்தவர் துராம். மூவரும் மாற்று வீரர்கள். இதற்கிடையே 64ஆம் நிமிடத்தில் டி மரியாவை அர்ஜென்டினா வெளியே எடுத்திருந்தது, அதற்குப் பிறகு அவர் ஆடிய பக்கம் எப்படி அடங்கிப்போனது என்று பாருங்கள். இதையெல்லாம் எந்த ஹைலைட்ஸ் காட்டும்?

நேரலை மட்டும்: அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆனால் மறுநாள் பார்ப்பதும் ஹைலைட்ஸ் மாதிரிதான். நேரலையில் பார்க்காதவர் ரசிகரே இல்லை.

இதை ஏற்க மாட்டேன். இரவு வேலையில் இருக்கும் செவிலியர், சின்னக் குழந்தையை வைத்திருக்கும் தாய், நீண்ட தூரம் வண்டி ஓட்டுகிறவர், இவர்களில் யார் ரசிகர் இல்லை? ஸ்கோர் தெரியாமல் மறுநாள் பார்க்கிறவருக்கு அந்தத் தொண்ணூறு நிமிடமும் முழுசாகக் கிடைக்கிறது.

நேரலை மட்டும்: உலகமே ஒரே நேரத்தில் கத்துகிறதே, அந்த உணர்வு?

அது நேரலையில் மட்டும்தான் கிடைக்கும், சரி. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் தொண்ணூறு நிமிடத்துக்குப் பிறகு சேர்த்த நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து பயேர்ன் மியூனிக் அணியை வென்ற இரவை நேரலையில் பார்த்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க ஒன்று கையில் இருக்கிறது. ஆனால் அதற்காக எல்லா இரவும் விழித்து, மறுநாள் தூக்கக் கலக்கத்தோடு வண்டி ஓட்டி வேலைக்குப் போகச் சொல்ல முடியாது.

வேலைப்பளு: அப்போ வேகமாக ஓட்டிப் பார்க்கலாமா?

காயம்பட்டவருக்குச் சிகிச்சை நடக்கும்போது ஓட்டுங்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஓட்டாதீர்கள். இந்த விவாதத்தை இங்கே நிறுத்துவோம், கேள்விகள் காத்திருக்கின்றன.

மிட்ஃபீல்டர்: ஆஃப்சைடு என்றால் என்ன, எளிமையாக?

மேலே இருக்கிறது.

கோபக்காரன்: அணி தோற்றால் அன்று வீட்டில் யாரோடும் பேச மாட்டேன், பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். மனைவி கால்பந்தையே வெறுக்கிறாள்.

அவர் வெறுப்பது கால்பந்தை இல்லை, அது முடிந்த பிறகு வரும் உங்களை. ஆட்டம் முடிந்ததும் வெளியே போய் அரை மணி நேரம் நடங்கள், பிறகு வீட்டுக்குள் வாருங்கள். தோற்ற அன்று புள்ளிப் பட்டியலையும் மற்றவர்கள் எழுதுவதையும் பார்க்காதீர்கள், புண்ணைக் கிளறும் வேலை அது. பிள்ளைகளிடம் நேரடியாகச் சொல்லிவிடுங்கள்: அப்பா வருத்தமாக இருக்கிறேன், உங்கள் மேல் கோபம் இல்லை. 2014 ஜூலை 8 அன்று பிரேசில் சொந்த நாட்டிலேயே ஜெர்மனியிடம் 1-7 என்று தோற்றது. அந்த நாட்டின் வீடுகளிலும் மறுநாள் காலை பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டத்தான் வேண்டியிருந்தது.

இதையெல்லாம் செய்தும் கோபம் கையை மீறிப் போகிறது என்றால் கொஞ்ச நாள் ஆட்டம் பார்ப்பதை நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

டார்க் ஹார்ஸ்: அலுவலகத்தில் எல்லோரும் பணம் போட்டு ஸ்கோர் கணிக்கிறார்கள். சிறு தொகைதானே, சேரலாமா?

வேண்டாம். பணம் உள்ளே வந்த நிமிடமே நீங்கள் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, ஸ்கோரைத்தான் பார்க்கிறீர்கள். சிறு தொகை சிறு தொகையாகவே நிற்பதும் அரிது. பணம் இல்லாமல் கணியுங்கள், தோற்றவர் தேநீர் போடட்டும்.

ஓசி டிக்கெட்: இலவசமாக எங்கே பார்க்கலாம்?

உரிமை வாங்கி ஒளிபரப்புகிறவர்களிடம் பாருங்கள். திருட்டு இணைப்பு கேட்டால் பதில் இல்லை.

சின்ன ஸ்ட்ரைக்கரின் அம்மா: மகனுக்கு ஏழு வயது, விளையாட வேண்டும் என்கிறான். என்ன பந்து வாங்குவது? தலையால் முட்டலாமா?

3ஆம் அளவுப் பந்து வாங்குங்கள் அக்கா. எட்டு வயதைத் தாண்டியதும் 4, பன்னிரண்டைத் தாண்டியதும் பெரியவர்களின் 5. சிலர் வளர்ந்ததும் உதவும் என்று இப்போதே பெரிய பந்தை வாங்கித் தருகிறார்கள், பிள்ளை கால் வலித்து ஓரமாக உட்கார்ந்துவிடுகிறான். தலையால் முட்டுவது இந்த வயதில் வேண்டாம். அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு 2015இலேயே பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதைத் தடை செய்தது. பந்தைக் காலில் அடக்கவும் இரண்டு காலாலும் தள்ளவும் பழகட்டும்.

இன்னொன்று, நடுவராக நின்று பார்த்ததைச் சொல்கிறேன்: கோட்டுக்கு வெளியே நின்று "அடி, அடி" என்று கத்தாதீர்கள். பந்து காலுக்கு வந்ததும் அந்தப் பிள்ளை சக வீரனைப் பார்ப்பதில்லை, திரும்பி அம்மா அப்பாவின் முகத்தைத்தான் பார்க்கிறான். அதற்குள் பந்து போய்விடுகிறது.

இடது விங்: கார்னரில் ஆஃப்சைடு உண்டா?

கிடையாது. மூன்றாவது முறை. கேட்பதற்கு முன் மேலே உள்ள பதிலைப் படியுங்கள், மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வார இறுதி அப்பா: நாக் அவுட் ஆட்டத்துக்கு வீட்டில் எவ்வளவு நேரம் என்று சொல்லிவைப்பது? இரண்டு மணி நேரம் என்று சொல்லி ஒவ்வொரு முறையும் சண்டை வருகிறது.

மூன்று மணி நேரம் என்று சொல்லுங்கள். 45, இடைவேளை 15, மறுபடி 45, இரண்டு பாதிகளிலும் சேர்க்கும் நிமிடங்கள், இதிலேயே இரண்டு மணி நேரம் போய்விடும். சமமானால் இன்னும் 30, பிறகு பெனால்டி. சீக்கிரம் முடிந்தால் மீதி நேரத்தை வீட்டுக்குக் கொடுங்கள். ஆட்டத்துக்கு முன்பே பிள்ளைகளின் வீட்டுப்பாடம், பாத்திரம், மறுநாளைக்கான உடை எல்லாவற்றையும் முடித்துவிட்டு உட்காருங்கள். இடைவேளைப் பதினைந்து நிமிடத்தில் போனை எடுக்காமல் எழுந்து போய்ப் பிள்ளைகளைத் தூங்க வையுங்கள்.