நள்ளிரவில் தரையிறங்கும் தனிப் பயணி முதலில் எதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்?

கேள்வி: முதன்முறையாக, முதுகுப்பை ஒன்றுடன், தனியாக ஒரு வெளிநாட்டு நகரத்துக்குப் புறப்படுகிறேன். விமானம் 15ஆம் தேதி இரவு 12.40க்கு இறங்குகிறது. அந்த நேரத்தில் ஹாஸ்டலுக்குப் போய்ச் சேர்வதையும் பணம் எடுப்பதையும் நினைத்தால் பயமாக இருக்கிறது. விசா, வண்டி, சிம் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். நீங்கள் அஞ்சுவது முழுப் பயணத்தையும் அல்ல, விமானத்தை விட்டு இறங்கியதிலிருந்து கட்டிலில் சாயும் வரையிலான இரண்டு மூன்று மணி நேரத்தைத்தான். அதைப் புறப்படுவதற்கு முன்பே ஒரு தாளில் நீங்களே எழுதி முடித்துவிடலாம்.

முதலில் தேதியைப் பாருங்கள். 15ஆம் தேதி இரவு 12.40 என்றால், 15ஆம் தேதி பிறந்து நாற்பது நிமிடங்களே ஆகியிருக்கும். ஆகவே உங்களுக்குக் கட்டில் வேண்டியது 14ஆம் தேதி இரவுக்கு. 15ஆம் தேதிக்குப் பதிவு செய்துவிட்டு நள்ளிரவில் போய் நிற்பவர்களிடம், கட்டில் பிற்பகலில்தான் காலியாகும் என்று ஹாஸ்டலில் சொன்னால் அதில் தவறு காண முடியாது. 14ஆம் தேதிக்குப் பதிவு செய்த பின், அதிகாலை 2 மணி வாக்கில்தான் வருவேன் என்று எழுதி, அதற்குப் பதிலும் பெற்றுவிடுங்கள். இல்லையேல், நீங்கள் வரவில்லை என்று கருதி அந்தக் கட்டிலை வேறொருவருக்குக் கொடுத்துவிடக்கூடும்.

வரவேற்பு மேசையில் இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் இருக்கும் ஹாஸ்டலையே முதல் இரவுக்குத் தேர்ந்தெடுங்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு. இரவில் ஆள் இல்லாவிட்டாலும், கதவைத் திறக்கும் எண்ணை முன்கூட்டியே அனுப்பிவைக்கும் ஹாஸ்டல்கள் இருக்கின்றன, அவற்றிலும் தங்கலாம். ஆனால் அந்த எண் நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே எழுத்தில் வந்துசேர்ந்திருக்க வேண்டும். தெருக்கதவு, மாடிக்கதவு, அறைக்கதவு மூன்றுக்கும் ஒரே எண்ணா, வெவ்வேறு எண்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். எண் தவறினால் அந்த நேரத்தில் எடுத்துப் பேசும் தொலைபேசி எண்ணும் கையில் இருக்க வேண்டும். இவை எல்லாவற்றையும் தாளில் எழுதி வையுங்கள். இணைப்பில்லாத போனுக்குள் கிடக்கும் மின்னஞ்சல் கதவைத் திறக்காது. ‘இறங்கியதும் அனுப்புகிறோம்’ என்று சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள்.

பணத்துக்கு, விமான நிலையத்துக்குள்ளேயே ஒரு வங்கியின் பெயர் தாங்கிய ஏடிஎம்மைத் தேடுங்கள். கார்டைச் செருகித் தொகையை அழுத்தியதும், அந்தத் தொகையை உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிட்டுக் காட்டி, அந்த மாற்று விகிதத்தை ஏற்கிறீர்களா என்று திரை கேட்கலாம். ‘ஏற்கவில்லை’ என்பதை அழுத்துங்கள். பரிவர்த்தனையே ரத்தாகிவிடும் என்று தோன்றும்படி வேண்டுமென்றே அந்தத் திரையை அமைத்திருப்பார்கள். ஆனால் பணம் வரும், கணக்கை உங்கள் வங்கி தன் விகிதத்தில் போட்டுக்கொள்ளும். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரலாம், பதிலும் இதுவே. எந்த நாணயம் என்று தேர்ந்தெடுக்கும் உரிமையை வாடிக்கையாளருக்குக் கொடுத்தாக வேண்டும் என்று கார்டு நிறுவனங்களின் விதி சொல்கிறது. அதைப் புரியாத மொழியில் கொடுக்கலாகாது என்றும் ஒரு விதி இருந்தால் நன்றாக இருக்கும். ‘கமிஷன் இல்லை’ என்று பலகை வைத்திருக்கும் நாணய மாற்றுக் கூண்டு, அந்தக் கமிஷனை விகிதத்துக்குள்ளேயே வைத்திருக்கும்.

உள்ளூர் சிம்மைப் போடுவதற்காகப் பழைய சிம்மைக் கழற்றிவிடாதீர்கள். வங்கி அனுப்பும் ஓடிபி பழைய எண்ணுக்குத்தான் வரும். இரண்டாவது கார்டு ஒன்றைப் பணப்பையில் அல்லாமல் முதுகுப்பையின் அடியில் வையுங்கள்.

வருகைக் கூடத்தில் தானாக உங்களை நெருங்கி ‘டாக்ஸி வேண்டுமா’ என்று கேட்பவருடன் போகவே கூடாது. உரிமம் பெற்ற ஓட்டுநர் தன் வரிசையை விட்டு உள்ளே வந்து ஆள் பிடிக்க வேண்டிய தேவை இல்லை. ‘அந்த ஹாஸ்டலை மூடிவிட்டார்கள், வேறு நல்ல இடம் காட்டுகிறேன்’ என்பது மிகப் பழைய தந்திரம். அப்படிச் சொன்னால், கையிலுள்ள எண்ணை அவர் எதிரிலேயே அழைத்துக் கேளுங்கள்.

இனி உங்கள் முகவர். இணையத்தில் நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய அனுமதிக்கு, அரசுக் கட்டணத்தின் மேல் அவர் வாங்கும் தொகை படிவத்தை நிரப்புவதற்கான கூலி மட்டுமே. விசா தேவைப்படாத நாட்டவர் இணையத்தில் வாங்கும் அமெரிக்காவின் எஸ்டா, பிரிட்டனின் இடிஏ போன்ற எளிய அனுமதிகளுக்குக்கூட, அரசுத் தளத்தைப் போலவே தோற்றம் காட்டி அதிகக் கட்டணம் பறிக்கும் தளங்கள் தேடல் முடிவுகளின் உச்சியில் விளம்பரமாக உட்கார்ந்திருக்கின்றன. அரசுகளே இதைப் பற்றி எச்சரிக்கைக் குறிப்பு வெளியிட்டிருக்கின்றன. சேரும் நாட்டின் தூதரகத் தளத்தில் உள்ள இணைப்பின் வழியாக மட்டும் உள்ளே போங்கள். குடியேற்ற அதிகாரியிடம் காட்டுவதற்கென்று முகவர் தரும் போலித் திரும்பும் பயணச்சீட்டை வாங்காதீர்கள். சோதித்துப் பார்த்தால் மாட்டிக்கொள்பவர் நீங்கள்தான், அவரல்ல. பாஸ்போர்ட் இன்னும் எத்தனை மாதம் செல்லும் என்பதையும் இன்றே பாருங்கள்; பல நாடுகள் ஆறு மாதம் கேட்கின்றன.

‘பதிவு செய்வதற்காக’ என்று சொல்லி உங்கள் பாஸ்போர்ட்டை அவர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்தால், எந்தத் தூதரகத்தில், எந்தத் தேதியில் ஒப்படைத்தார் என்பதற்கான ரசீதைக் கேளுங்கள். ரசீது இல்லை என்றால் நாளைக் காலையிலேயே போய் அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.