யெல்லோநைஃபில் துருவ ஒளி: டிசம்பரா, செப்டம்பரா?

கோவையிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மகள் கனடாவின் கால்கரியில் வேலை பார்க்கிறாள். அறுபது வயதைக் கடந்த நானும் என் மனைவியும் அவளோடு யெல்லோநைஃப் நகருக்குச் சென்று, துருவ ஒளியையும் அங்குள்ள காடு, ஏரிகளையும் பார்க்க விரும்புகிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் இரண்டு இரவுகள் தங்கினால் போதுமா?”

இரண்டு இரவுகள் போதாது. டிசம்பர் இறுதியும் உங்களுக்கு ஏற்ற காலமன்று. விடுப்பை மாற்றிக்கொள்ள மகளால் முடியுமானால், செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களுக்குள் நான்கு இரவுகள் தங்கும்படி திட்டமிடுங்கள்.

துருவ ஒளி என்பது சூரியனிலிருந்து வரும் மின்துகள்களால் இரவு வானில் தோன்றும் ஒளி. கனடாவின் வடபகுதியில் உள்ள யெல்லோநைஃப், வட காந்தத் துருவத்தைச் சுற்றி அந்த ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர்கீழே அமைந்திருப்பதால், பெரிய சூரியப் புயல் வந்தால்தான் ஒளி தெரியும் என்ற நிலை அங்கே இல்லை. கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் அந்தப் பகுதியில் ஓர் ஆண்டின் மழையும் பனியும் சேர்ந்தே 300 மில்லிமீட்டரைத் தொடுவதில்லை என்பதால், நார்வேயின் கடலோர ஊர்களைவிட வானம் தெளிந்திருக்கும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே சூரியச் செயற்பாட்டுக் குறியீட்டெண்களைப் பார்த்துக் கவலைப்படாமல், மேகமூட்டம் பற்றிய முன்னறிவிப்பை மட்டும் கவனித்து வந்தால் போதும். நான்கு இரவுகள் என்று சொல்வதற்கும் மேகமே காரணம். ஓரிரு இரவுகள் மூடிக்கொண்டாலும் மற்றவை கைகொடுக்கும்.

காலத்தைப் பொறுத்தவரை, கோடையில் இரவு முழுவதும் வானம் வெளுத்தே இருப்பதால் ஆகஸ்ட் நடுப்பகுதிக்கு முன் போவதில் பயனில்லை. அக்டோபரிலும் நவம்பர் தொடக்கத்திலும், நகரை ஒட்டியுள்ள, இன்னும் உறையாத கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து எழும் ஈரம் மேகமாகத் திரண்டு வானத்தை மறைத்துவிடுகிறது. ஏரி உறைந்த பிறகு வானம் மீண்டும் தெளியும் என்பது உண்மைதான். ஆனால் டிசம்பர் இறுதியில் பகல் ஐந்து மணி நேரமே நீடிக்கும், குளிரோ மைனஸ் 30 டிகிரி வரை இறங்கும். அந்தக் குளிரில் நள்ளிரவில் வெட்டவெளியில் காத்திருப்பது உங்கள் வயதில் எளிதன்று. காட்டையும் ஏரியையும் நடந்து பார்ப்பது அதைவிடக் கடினம். செப்டம்பரில் பகலில் 10 டிகிரியை ஒட்டியும் இரவில் சுமார் 4 டிகிரியுமாக இருக்கும் என்பதால் நல்ல கம்பளி உடையே போதும். அதோடு, உறையாத ஏரி நீரில் ஒளியின் பிரதிபலிப்பையும் காணலாம். பனி போர்த்திய நிலத்தைத்தான் பார்க்க வேண்டுமென்றால் டிசம்பரை விட மார்ச் மேலானது.

மகள் கார் ஓட்டுவாரானால், நகரிலிருந்து கிழக்கே சுமார் 70 கிலோமீட்டர் நீளும் இங்கிராம் சாலை ஒன்றே உங்கள் இரண்டு விருப்பங்களையும் நிறைவேற்றிவிடும். ஏரிகளையும் பிர்ச் மரக் காடுகளையும் ஊடுருவிச் செல்லும் அந்தச் சாலையிலிருந்து கேமரான் அருவிக்கு நடந்தே போகலாம். பாதை கரடுமுரடானது என்றாலும் தொலைவு அதிகமில்லை. அது கருங்கரடிகள் நடமாடும் காடு. எனவே தனியாக நடக்காதீர்கள், கரடி விரட்டும் தெளிப்பான் இல்லாமல் போகாதீர்கள். நகரைத் தாண்டியதும் கைப்பேசித் தொடர்பு விட்டுப்போகும் என்பதால், திரும்பும் நேரத்தை விடுதியில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். நகரை ஒட்டிய சுரங்கத்தில் தங்கத் தாதுவைப் பல்லாண்டு வறுத்ததால் சுற்றியுள்ள சிறு ஏரிகளில் ஆர்சனிக் படிந்திருக்கிறது. நீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் குடிக்கக் கூடாது.

முதல் இரவு மட்டும் உள்ளூர் வழிகாட்டியோடு செல்லுங்கள்; மேகம் விலகியிருக்கும் திசையைத் தேடி அழைத்துப்போவதில் அவர்கள் தேர்ந்தவர்கள். பெரும்பாலும் இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணிக்குள் ஒளி வலுப்பெறும். தொடக்கத்தில் அது வெளிர்சாம்பல் நிறப் பட்டையாக, மெல்லிய மேகம் போலவே தெரிவதால், பலர் ஏமாந்து அறைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஐயம் எழுந்தால் கைப்பேசியை அசையாமல் வைத்து, மூன்று விநாடி ஒளிபடும்படி ஒரு படம் எடுத்துப் பாருங்கள்: படத்தில் பச்சை தெரிந்தால் அது துருவ ஒளியேதான், காத்திருக்கலாம். வலுப்பெற்ற பிறகு பச்சை வெறும் கண்ணுக்கே தெரியும். திரை காற்றில் அசைவது போன்ற அதன் ஓட்டத்தைப் படம் எடுப்பதிலேயே தவறவிட்டுவிடாதீர்கள்.

முன்பதிவின்போது இரண்டில் கவனம் தேவை. 2023 ஆகஸ்டில் காட்டுத்தீ நெருங்கியதால் நகர மக்கள் ஏறக்குறைய அனைவருமே வெளியேற்றப்பட்டு, செப்டம்பரில்தான் திரும்ப முடிந்தது. ஆகவே விமானச் சீட்டும் விடுதியும் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் இருக்கட்டும். நகரில் மருத்துவமனை உண்டென்றாலும் கடும் நோயாளிகளை விமானத்தில் எட்மன்டனுக்குக் கொண்டுபோவது வழக்கம் என்பதால், அந்தச் செலவையும் ஏற்கும் பயணக் காப்பீட்டை, உங்களுக்கு முன்பே உள்ள நோய்களை மறைக்காமல் குறிப்பிட்டு, இந்தியாவிலிருந்து கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.