சர்வரில் டிஸ்க் மெதுவாக இருக்கிறது, ஆனால் டெஸ்ட் செய்தால் வேகம் நன்றாகவே வருகிறது. காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

டெஸ்ட் எதை வைத்துச் செய்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். டிஸ்கில் எழுதிப் பார்க்க உதவும் 'டிடி' கட்டளையில் ஒரு ஜிபி எழுதிப் பார்த்துவிட்டு "வினாடிக்கு 600 எம்பி வருதே" என்கிறீர்கள் என்றால், நீங்கள் அளந்தது பெரும்பாலும் ரேமை. எழுதச் சொன்னதை லினக்ஸ் முதலில் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆச்சு" என்று சொல்லிவிடும். டிஸ்குக்குப் போவது அப்புறம்தான். இந்தத் தப்பைச் செய்து ஒரு முதலாளியிடம் இரண்டு வாரம் பேர் கெட்டவன் நான். அதனால் அந்தக் கதையோடே சொல்கிறேன்.

எனக்கு ஊர் கம்பம். மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள கடைகளுக்கு கம்ப்யூட்டர் வேலை பார்ப்பதுதான் பிழைப்பு. குமுளியில் ஒரு ஏலக்காய் வியாபாரி. புற்றடியிலும் போடியிலும் உள்ள ஸ்பைசஸ் போர்டு ஏல மையங்களில் காய் எடுத்து, குடோனில் ரகம் பிரித்து வடக்கே அனுப்புகிறவர். ஆபீஸில் பழைய லினக்ஸ் சர்வர் ஒன்று, அதில் 7200 ஆர்பிஎம் டிஸ்க் இரண்டு, ஒன்றுக்கொன்று நகலாக. பில்லிங் மென்பொருள் மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸில் ஓடுகிறது. பழைய பில்லைத் திறந்தால் உடனே வருகிறது, புது பில்லை சேவ் செய்தால் இருபது வினாடி நிற்கிறது. இதுதான் புகார்.

ஒரு சாயங்காலம் போய் 'டிடி' ஓட்டிப் பார்த்துவிட்டு, "டிஸ்க் நல்லாத்தான் இருக்குண்ணே, சாஃப்ட்வேர்காரனைக் கேளுங்க" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டேன். சாஃப்ட்வேர்காரர் திரும்ப என்னைக் கைகாட்டினார். நடுவில் முதலாளி.

இரண்டாவது தடவை ஒழுங்காகப் பார்த்தேன். சர்வரில் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் 'டாப்' திரையில் 'டபிள்யூஏ' என்ற சதவீதம் நாற்பதைத் தொட்டது. சிபியு வேறு வேலை இல்லாமல் டிஸ்குக்காகக் காத்துக்கிடக்கிறது என்று பொருள். அதே திரையில் லோடு (வரிசையில் நிற்கும் வேலைகளின் கணக்கு) ஏறியிருப்பதை மட்டும் பார்த்து சிபியு போதவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். லினக்ஸில் டிஸ்குக்காகத் தூங்கும் புரோகிராம்களும் லோடு கணக்கில் சேரும். நினைவகத்தைக் காட்டும் 'விஎம்ஸ்டாட்'டில் பார்த்தால் ஸ்வாப், அதாவது ரேம் நிரம்பி டிஸ்குக்குத் தள்ளுவது, ஓடவில்லை, ஆக ரேம் பற்றாக்குறையும் இல்லை.

அடுத்தது டிஸ்குக்குப் போகும் கோரிக்கைகளைக் காட்டும் 'ஐஓஸ்டாட்'. விரிவான வடிவத்தில், வினாடிக்கு ஒரு தடவை ஓடவிடுங்கள். முதலில் வரும் அட்டவணை சர்வர் பூட் ஆனதிலிருந்து உள்ள சராசரி, அதைத் தள்ளிவிடுங்கள். எல்லாரும் கடைசியில் இருக்கும் 'யூட்டில்' சதவீதத்தைத்தான் பார்ப்பார்கள். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டியிலும், பல டிஸ்கைச் சேர்த்துக் கட்டிய ரெய்டிலும் அந்த எண் ஏமாற்றும், ஏனென்றால் அவை ஒரே நேரத்தில் பல கோரிக்கைகளைக் கவனிக்கும். நூறு காட்டினாலும் இடம் மிச்சம் இருக்கலாம். நான் பார்ப்பது இரண்டே இரண்டு. வினாடிக்கு எத்தனை கோரிக்கை போகிறது, ஒவ்வொன்றும் எத்தனை மில்லி வினாடி காத்திருக்கிறது. கோரிக்கை நிறைய, காத்திருப்பும் நிறைய என்றால் எவனோ டிஸ்கைத் தின்கிறான். 'ஐஓடாப்' ஆளைக் காட்டிக்கொடுக்கும், பல நேரம் அது பகலில் ஓடும் பேக்கப்பாகவோ ஆன்டிவைரஸாகவோ இருக்கும். கோரிக்கை கொஞ்சம், காத்திருப்பு நிறைய என்றால் டிஸ்குக்கோ, அதற்குப் போகும் வழிக்கோதான் நோய்.

குமுளியில் இரண்டாவது வகை. எழுதச் சொல்லும் கோரிக்கை வினாடிக்குப் பத்துப் பன்னிரண்டுகூட இல்லை, ஒவ்வொன்றுக்கும் 300, 350 மில்லி வினாடி. அந்த டிஸ்க் ஒரு சுற்றுக்கு எடுப்பதே 8.3 மில்லி வினாடிதான். தட்டில் படித்து எழுதும் ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் பதினைந்துக்குள் முடிய வேண்டிய வேலை.

டிஸ்க் சாகப்போகிறது என்றே நினைத்தேன். லினக்ஸ் தன் பிழைகளை எழுதிவைக்கும் கெர்னல் லாக்கில் எதுவும் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே சொல்லும் 'ஸ்மார்ட்' அறிக்கையில் 5, 197, 199 ஆகிய மூன்று வரிகளும் பூஜ்யம். முதல் இரண்டும் செக்டர், அதாவது தட்டில் தகவல் இருக்கும் சின்னக் கட்டம், கெட்டதைச் சொல்லும். 199 ஏறினால் கேபிளை மாற்றிப் பார்க்க வேண்டும். நகல் டிஸ்குகளைச் சரிபார்க்கும் வேலை பின்னால் ஓடுகிறதா என்றும் பார்த்தேன். டெபியன் என்ற லினக்ஸ் வகையின் பழைய பதிப்புகளில் அது மாதத்தின் முதல் ஞாயிறு நள்ளிரவு தாண்டி 12:57-க்குத் தானே கிளம்பும். பெரிய டிஸ்க் என்றால் திங்கள் காலை வரைகூட இழுக்கும். அதுவும் இல்லை.

அங்கே கணக்கு பார்க்கும் சேச்சி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "கரண்ட் போனா நல்ல ஸ்பீடு உண்டு, கேட்டோ" என்றார். சிரித்துவிட்டேன். கரண்ட் போனால் எந்த சர்வராவது வேகமாக ஓடுமா?

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது. சர்வர் யுபிஎஸ்ஸில் நிற்கிறது. திரையில் 340, 310, 355 என்று ஓடிக்கொண்டிருந்த எண் 6, 5, 7 என்று இறங்கியது. ஆபீஸில் ஒரே அமைதி. அந்த அமைதி வந்த பிறகுதான் அதுவரை ஒரு சத்தம் இருந்ததே காதில் உறைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காயை 8 எம்எம், 7 எம்எம் என்று பிரிக்கும் சல்லடை மெஷின். இந்தப் பக்கம் அதே சுவரில் போல்ட் அடித்த இரும்பு ராக். அதன் மேல் சர்வர். இரண்டு தடவை வந்தும் ராக்கைத் தொட்டுப் பார்க்கவில்லை நான்.

கரண்ட் வந்ததும் பையனிடம் மெஷினை மட்டும் போடச் சொன்னேன். 5, 6, 210, 340. நிறுத்தச் சொன்னேன். 5. மூன்று தடவை செய்துபார்த்தேன். முதலாளி நான் விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பார்.

எழுதும்போது ஹெட் தடத்தின் நடுவில் துல்லியமாக நிற்க வேண்டும். ஆடினால் பக்கத்துத் தடம் அழிந்துவிடும் என்று டிஸ்க் எழுதாமல் நிறுத்திவிட்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருக்கும். நாற்பது சுற்று தவறினால் 330 மில்லி வினாடி போச்சு. மைஎஸ்க்யூஎல்லோ இயல்பு அமைப்பில் ஒவ்வொரு கமிட்டுக்கும், அதாவது ஒரு மாற்றத்தை நிலையாகப் பதியும் ஒவ்வொரு தடவையும், டிஸ்கில் எழுதி முடிந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகரும். ஒரு பில்லுக்குள் அறுபது சொச்சம் கமிட், ஆக இருபது வினாடி. பழைய பில் ரேமிலிருந்து வருவதால் அதற்குப் பாதிப்பில்லை. இது என் கற்பனை இல்லை. 2008 கடைசியில் வந்த ஒரு வீடியோவில், சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த பிரெண்டன் கிரெக் டிஸ்க் அடுக்கைப் பார்த்து வாய்விட்டுக் கத்துவார். வரைபடத்தில் காத்திருப்பு நேரம் குத்தென்று எழும்பும். என் முதல் டெஸ்ட் தேறியதற்கும் காரணம் இதுதான்: ரேமை அளந்தது ஒன்று, சாயங்காலம் மெஷின் நின்ற பிறகு அளந்தது இன்னொன்று.

சர்வரை எதிர்ச் சுவரோரம் தரையில், ரப்பர் விரிப்பின் மேல் இறக்கிவைத்தோம். அடுத்த மாதம் இரண்டு எஸ்எஸ்டி போட்டாயிற்று, அதில் ஆட எதுவும் இல்லை.

உங்கள் சர்வர் பக்கம் சல்லடை இருக்காதுதான். ரெய்டு கார்டு இருந்தால் அதன் பேட்டரியைப் பாருங்கள். அது செத்தால் கார்டு எழுதுவதைத் தன்னிடம் தேக்கிவைக்காமல் நேரே டிஸ்குக்கு அனுப்பும், ஒரே நாளில் எல்லாம் ஊர்ந்துபோகும். எஸ்எஸ்டி என்றால் நிரம்பிவிட்டதா என்று பாருங்கள். கிளவுட் என்றால் நீங்கள் வாங்கிய ஐஓபிஎஸ் (வினாடிக்கு இத்தனை கோரிக்கை) வரம்பைத் தொட்டிருக்கலாம்.

இதிலும் பிடிபடவில்லை என்றால் ஐஓஸ்டாட் வரிகள் ஒரு இருபதை இங்கே போடுங்கள். வேலை நடக்கும்போது எடுத்ததாக இருக்கட்டும், எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு எடுத்தது வேண்டாம்.