எங்க ஊரு மூழ்கிடுமா டீச்சர்? – கடிதம்

வணக்கம். நாகை மாவட்டத்தில் ஒரு கடலோர நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை நான். காலநிலை மாற்றப் பாடம் வந்தாலே மரக்கன்று, ஓவியப் போட்டி, உறுதிமொழி என்று முடிந்துவிடுகிறது. ஓசோனில் ஓட்டை விழுந்ததால்தான் வெயில் கூடுகிறது என்று பிள்ளைகள் எழுதுகிறார்கள். போன வாரம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "எங்க ஊரு மூழ்கிடுமா டீச்சர்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. இந்தப் பாடத்தை எப்படி நடத்துவது?

– ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தப் பெண்ணின் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். கடல் ஏன் ஏறுகிறது என்று அவளே கண்டுபிடிக்கட்டும்.

இரண்டு கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் ஊற்றுங்கள். ஒன்றில் ஐஸ்கட்டியை மிதக்க விடுங்கள். இன்னொன்றில் தண்ணீருக்கு மேலே தலை நீட்டும்படி ஒரு கல்லை வைத்து, அதன்மேல் ஐஸை வையுங்கள். மீனுக்குப் போடும் ஐஸே போதும். நீர்மட்டத்தில் மார்க்கரால் கோடு போட்டுவிட்டு, எது ஏறும் என்று ஒவ்வொருவரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டுமே ஏறும் என்றுதான் பெரும்பாலும் எழுதுவார்கள். மிதக்கும் ஐஸ் உருகினால் மட்டம் மாறாது. கல்மேல் இருந்தது உருகி வழிந்தால் ஏறும். ஆர்க்டிக் கடலில் மிதக்கும் பனிக்கும் கிரீன்லாந்தில் தரைமேல் கிடக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அப்புறம், பனியே உருகாவிட்டாலும் சூடான கடல்நீர் விரிந்து உயரும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஓசோன் குழப்பத்தை அப்படியே விடக் கூடாது. அந்த ஓட்டைக்குக் காரணம் பழைய ஃபிரிட்ஜ்களிலும் ஸ்ப்ரேக்களிலும் இருந்த குளோரோஃபுளூரோகார்பன்கள்; அதனால் கூடுவது புற ஊதாக் கதிர். பூமி சூடாவதற்கு முக்கியக் காரணம், நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து வரும் கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை வெளியேற விடாமல் பிடித்துக்கொள்வது. 1958இல் ஹவாயின் மௌனா லோவா எரிமலையில் விஞ்ஞானி சார்லஸ் கீலிங் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கத் தொடங்கியபோது அது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. குளோரோஃபுளூரோகார்பன்களைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்துக்குப் பின் ஓசோன் படலம் மெல்லத் தேறிவருகிறது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். உலக நாடுகள் கூடி ஒன்றைச் சரிசெய்ய முடிந்திருக்கிறது என்பது பயந்துபோன பிள்ளைக்குத் தெரிய வேண்டும்.

சரி, ஊர் மூழ்குமா? பொய்ச் சமாதானமும் வேண்டாம், பயமுறுத்தலும் வேண்டாம். 1900க்குப் பிறகு உலகக் கடல்மட்டம் சராசரியாகச் சுமார் 20 செ.மீ. ஏறியிருக்கிறது, இப்போது ஆண்டுக்குச் சுமார் 4 மி.மீ. ஏறுகிறது. ஸ்கேலை எடுத்துக் காட்டுங்கள். ஊர் நாளைக்கே மூழ்காது, ஆனால் மட்டம் ஏற ஏறப் புயல் நாளில் தண்ணீர் இன்னும் உள்ளே வரும் என்று சொல்லுங்கள்.

கரை அரிப்பு முழுவதையும் இதன் தலையில் போட்டுவிடாதீர்கள். சென்னைத் துறைமுகம் கட்டியபின் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. ஆண்டின் பெரும்பகுதி வடக்கு நோக்கி நகரும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துவிட்டது. உங்கள் ஊரில் தூண்டில் வளைவு (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்) போட்டிருந்தால் பிள்ளைகளை அங்கே அழைத்துப்போங்கள். எந்தப் பக்கம் மணல் சேர்ந்திருக்கிறது, எந்தப் பக்கம் அரித்திருக்கிறது என்று வரைந்துவரட்டும். பழைய கரை எங்கே இருந்தது என்று அவரவர் தாத்தாவிடம் கேட்டு எழுதிவரட்டும். பதில்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால், ஏன் என்று வகுப்பிலேயே பேசுங்கள். அதற்கு ஒரு பீரியட் போனாலும் பரவாயில்லை.